இன்யோ கவுண்டி, கலிபோர்னியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டிகளைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் இன்யோவை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் தண்ணீர். அந்த ஊரின் மலை, மக்கள்தொகை, பழத்தோட்டம், சிறைமுகாம் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு தண்ணீரில்தான் வந்து முடியும். கீழே உள்ள கேள்விகளைப் படிக்கும்போது உங்களுக்கே அது தெரியும்.

இன்யோ எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர், கிழக்கே நெவாடா மாநிலம். இந்த இரண்டுக்கும் நடுவில் சுமார் 26,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளில் பரப்பளவில் இரண்டாவது. முதலிடம் பக்கத்திலேயே உள்ள சான் பெர்னார்டினோவுக்கு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வடக்கே 395-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் மூன்றரை மணி நேரம் ஓட்டினால் லோன் பைன் என்ற சிற்றூர் வரும். அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் இண்டிபென்டன்ஸ், பிக் பைன், பிஷப். மக்களில் பெரும்பாலோர் இந்த ஒற்றைச் சாலையை ஒட்டித்தான் வாழ்கிறார்கள்.

கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரியா?

ஏறக்குறைய. மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு அது. ஆனால் மேலிருந்து நியமிக்கப்படும் ஆட்சியர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட மேற்பார்வைக் குழுதான் ஆள்கிறது. காவல்துறைத் தலைவரான ஷெரிஃபையும் வாக்களித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்யோவின் தலைமையிடம் இண்டிபென்டன்ஸ். 2020 கணக்கெடுப்பில் அந்த ஊரில் அறுநூறு பேர்கூட இல்லை. கவுண்டியில் நகராட்சி அந்தஸ்து பெற்றது பிஷப் ஒன்றுதான். அங்கே 3,819 பேர்.

மிக உயரமான இடமும் மிகத் தாழ்வான இடமும் ஒரே கவுண்டியிலா இருக்கின்றன?

ஆமாம். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவிலேயே உயரமான சிகரம் மவுண்ட் விட்னி, 4,421 மீட்டர். அது இன்யோவின் மேற்கு எல்லையில் நிற்கிறது. வட அமெரிக்காவிலேயே தாழ்வான நிலம் டெத் வேலியில் உள்ள பேட்வாட்டர் படுகை. கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 136 கிலோமீட்டர்தான். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாத வெயிலில் பேட்வாட்டரிலிருந்து விட்னி மலையின் அடிவாரச் சாலை முடியும் இடம் வரை 217 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது.

இவ்வளவு வறண்ட ஊரில் ஆறு எப்படி ஓடியது?

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சியராவின் மேற்குச் சரிவில் ஏறி, மழையையும் பனியையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. கிழக்குப் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் மிச்சமில்லை. அதனால்தான் பிஷப்பில் ஆண்டுக்கு 13 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் மழை. இதை மழை மறைவுப் பகுதி என்று பள்ளியில் படித்திருப்போம்.

ஆனால் மலை உச்சியில் சேரும் பனி வசந்தத்தில் உருகி, பல ஓடைகளாகக் கிழக்கே இறங்குகிறது. அவை சேர்ந்ததுதான் ஓவன்ஸ் ஆறு. அந்த ஆறு கடலுக்குப் போவதில்லை. பள்ளத்தாக்கின் தென்கோடியில் ஓவன்ஸ் ஏரியில் போய் முடிந்தது. 280 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரிய உப்பேரி அது. இறந்த காலத்தில் சொல்வதற்குக் காரணம் கீழே வருகிறது.

வெள்ளையர்கள் வருவதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்?

பையூட் மக்கள். டெத் வேலிப் பக்கம் டிம்பிஷா ஷோஷோனி மக்கள். பையூட்கள் தங்கள் பள்ளத்தாக்கை 'பாயாஹூனாடூ' என்றார்கள். ஓடும் நீரின் நிலம் என்று பொருள். அவர்கள் வேட்டையாடி மட்டும் வாழவில்லை. பிஷப் ஓடை போன்ற இடங்களில் அணை கட்டி, கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்டி, கிழங்கு தரும் காட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் முதல் நீர்ப்பாசனப் பொறியாளர்கள் அவர்கள்தான். இதைச் சொல்லாமல் இன்யோவின் வரலாற்றைத் தொடங்குவது தவறு என்பது என் எண்ணம்.

1861-ல் மாடு மேய்ப்பவர்கள் மந்தைகளோடு வந்தார்கள். பையூட்கள் பாய்ச்சி வளர்த்த கிழங்கு நிலங்களை மாடுகள் மேய்ந்து தீர்த்தன. பசி வந்தது, சண்டை வந்தது. 1862 ஜூலை 4 அன்று ராணுவம் ஒரு முகாம் அமைத்தது. அமெரிக்கச் சுதந்திர நாள் என்பதால் அதற்கு இண்டிபென்டன்ஸ் என்று பெயர். 1863 ஜூலையில் சுமார் ஆயிரம் பையூட்களை, குழந்தைகளும் முதியவர்களும் உட்பட, கடும் கோடையில் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் சிலர் இறந்தார்கள், சிலர் தப்பினார்கள். பின்னாளில் பலர் திரும்பி வந்தபோது, தாங்கள் வெட்டிய வாய்க்கால்களில் வேறு ஆட்களின் வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதே வயல்களில் கூலி வேலைக்குச் சேர்ந்தார்கள்.

'இன்யோ', 'ஓவன்ஸ்' என்ற பெயர்கள் எப்படி வந்தன?

கவுண்டி உருவானது 1866-ல். கிழக்கே உள்ள மலைகளுக்குப் பெயர் என்ன என்று குடியேறியவர்கள் கேட்டபோது, பையூட் தலைவர் ஒருவர் 'இன்யோ' என்றார், பெரும் ஆவி குடியிருக்கும் இடம் என்று அதற்குப் பொருள் என அவர்கள் எழுதி வைத்தார்கள். ஓவன்ஸ் என்பவர் 1845-ல் ஃப்ரீமான்ட் நடத்திய ஆய்வுப் பயணக் குழுவில் இருந்தவர். ஆற்றுக்கும் ஏரிக்கும் பள்ளத்தாக்குக்கும் அவர் பெயரே இருக்கிறது. அவர் அந்தப் பள்ளத்தாக்கில் காலடி வைத்ததே இல்லை.

வெள்ளிச் சுரங்கம் இருந்ததாமே?

1860-களில் இன்யோ மலைத்தொடரின் உச்சியில் செரோ கோர்டோ என்ற இடத்தில் வெள்ளியும் ஈயமும் கிடைத்தன. உருக்கிய பாளங்களை ஓவன்ஸ் ஏரியின் குறுக்கே நீராவிப் படகில் கொண்டுவந்து, கோவேறு கழுதை வண்டிகளில் லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார்கள். அப்போது சிறிய ஊராக இருந்த லாஸ் ஏஞ்சலஸ் வளர்ந்ததில் இந்த வணிகத்துக்கும் பங்கு உண்டு. இன்று வெறும் உப்பும் புழுதியுமாகக் கிடக்கும் இடத்தில் நீராவிப் படகு ஓடியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1872 நிலநடுக்கம் எவ்வளவு பெரியது?

கலிபோர்னியாவில் பதிவான மிகப் பெரிய நிலநடுக்கங்களில் ஒன்று. மார்ச் 26, அதிகாலை இரண்டரை மணி. லோன் பைனில் பச்சை மண்கல் வைத்துக் கட்டிய வீடுகள் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தன. 59 வீடுகளில் 52 இடிந்தன, 27 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரை ஒரே குழியில் புதைத்தார்கள். ஊருக்கு வடக்கே, நிலம் பிளந்து மேலெழுந்த மேட்டின் மீதே அந்தக் கல்லறை இன்றும் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ் அங்கிருந்து தண்ணீர் எடுத்தது எப்படி?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1900-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு லட்சம் பேர். பத்தே ஆண்டில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. அந்த ஊரின் ஆறு அவ்வளவு பேருக்குக் காணாது. முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன், தொலைவில் இருந்த ஓவன்ஸ் ஆற்றைப் பார்த்தார். ஓவன்ஸ் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் கீழே கடலோரம். அப்படியென்றால் பம்பு எதுவும் வைக்காமலேயே, சரிவை மட்டும் நம்பி தண்ணீரை ஓடவிடலாம். நகரத்தின் நீர்த்துறைத் தலைவர் வில்லியம் மல்ஹாலண்டிடம் இதைக் காட்டினார். மல்ஹாலண்ட் அயர்லாந்திலிருந்து வந்து, வாய்க்கால் தூர்வாரும் ஆளாக வேலையைத் தொடங்கி மேலே வந்தவர்.

அதே நேரத்தில் மத்திய அரசின் பாசனத் துறையும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு திட்டத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தது. உள்ளூர் விவசாயிகள் அதை நம்பி இருந்தார்கள். அந்தத் துறையின் பொறியாளர் ஜோசப் லிப்பின்காட், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திடமும் ஆலோசகராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். ஈட்டன் பள்ளத்தாக்கில் நிலங்களையும் நீருரிமைகளையும் வாங்கத் தொடங்கியபோது, அரசுத் திட்டத்துக்காகத்தான் வாங்குகிறார் என்று பலர் நினைத்தார்கள். 1905 ஜூலையில் செய்தித்தாளில் உண்மை வெளிவந்தபோது முக்கியமான நிலங்கள் கைமாறிவிட்டன. மத்திய அரசின் பாசனத் திட்டம் கைவிடப்பட்டது. நகரத்துக்குக் கால்வாய் வழி தருவதற்கு 1906-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஆதரவு கொடுத்தார். ஒரு சிலருக்கு இருப்பதைவிடப் பெருநகரத்துக்கு இருப்பது நாட்டுக்கு அதிகப் பயன் என்பது அவர் வாதம்.

1913 நவம்பர் 5 அன்று 375 கிலோமீட்டர் கால்வாய் திறக்கப்பட்டது. தண்ணீர் வந்து விழுந்தபோது மல்ஹாலண்ட் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "அதோ இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்." பொறியியலாகப் பார்த்தால் அது மாபெரும் சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எடுத்துக்கொள்ளச் சொன்ன தண்ணீருக்கு மறுமுனையில் ஊர்கள் இருந்தன.

உள்ளூர் மக்கள் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். 1920-களில் வறட்சி வந்ததும் நகரம் மேலும் மேலும் பண்ணைகளை வாங்கி, நிலத்தடி நீரையும் இறைக்கத் தொடங்கியது. 1924 மே மாதம் கால்வாயில் முதல் முறையாக டைனமைட் வெடித்தது. அந்த நவம்பர் 16-ஆம் தேதி சுமார் 70 பேர் லோன் பைனுக்கு வடக்கே உள்ள அலபாமா மதகைக் கைப்பற்றித் திறந்துவிட்டார்கள். தண்ணீர் பழைய ஆற்றுப் படுகைக்கே திரும்பிப் பாய்ந்தது. நான்கு நாள் மதகு அவர்கள் கையில் இருந்தது. பெண்கள் சோறாக்கிக் கொண்டுவந்தார்கள், ஊரே அங்கே கூடியது. பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த நடிகர் டாம் மிக்ஸ் தன் இசைக்குழுவை அனுப்பிவைத்தார் என்று இன்றும் சொல்வார்கள்.

போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் வில்ஃப்ரெட், மார்க் என்ற வாட்டர்சன் சகோதரர்கள். உள்ளூர் வங்கிகளும் அவர்களுடையவைதான். 1927 ஆகஸ்டில் அந்த வங்கிகள் திடீரென மூடப்பட்டன. கணக்கில் கையாடல் நடந்திருந்தது, இருவரும் சிறைக்குப் போனார்கள். ஊர் மக்களின் சேமிப்பும் போனது, போராட்டமும் அத்தோடு ஒடிந்தது. 1930-களின் நடுவில் பள்ளத்தாக்கின் விவசாய நிலத்தில் சுமார் 95 சதவீதமும், ஊர்மனைகளில் சுமார் 85 சதவீதமும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குச் சொந்தமாகிவிட்டன.

ஓவன்ஸ் ஏரி என்ன ஆனது?

1920-களிலேயே வற்றிவிட்டது. ஆறு வரவில்லை என்றால் ஏரி எப்படி இருக்கும்? காய்ந்த தரையிலிருந்து காற்று அடிக்கும்போதெல்லாம் உப்பும் ஆர்செனிக்கும் கலந்த நுண்துகள் கிளம்பியது. அமெரிக்காவிலேயே மிகப் பெரிய ஒற்றைத் துகள்மாசு மூலம் என்ற பெயர் பல ஆண்டுகள் அந்த ஏரிக்கு இருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் கண் எரிச்சலோடும் இருமலோடும் வாழ்ந்தார்கள்.

நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு, 2001 முதல் நகரம் புழுதியை அடக்கும் வேலையைச் செய்கிறது. சில பகுதிகளில் ஆழமில்லாமல் நீர் பரப்புகிறார்கள், சில இடங்களில் சரளைக்கல் கொட்டுகிறார்கள், சில இடங்களில் உப்புப்புல் வளர்க்கிறார்கள். இதுவரை செலவு 200 கோடி டாலருக்கு மேல். நீர் பரப்பிய இடங்களைத் தேடிப் பறவைகள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்திருக்கின்றன.

மன்சனார் முகாம் பற்றிச் சொல்லுங்கள்.

மன்சனார் என்றால் ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம். 1910-ல் அந்தப் பெயரில் ஒரு பழத்தோட்ட ஊர் தொடங்கியது. ஆப்பிள், பேரி, பீச் எல்லாம் விளைந்தன. 1920-களில் நகரம் நிலத்தை வாங்கியது. தண்ணீர் போனது, அப்புறம் மக்களும் போய்விட்டார்கள்.

1942 பிப்ரவரியில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையால் மேற்குக் கடற்கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களை அடைத்த பத்து முகாம்களில் ஒன்று, காலியாகிக் கிடந்த இந்த மன்சனார் நிலத்தில் அமைந்தது. முள்வேலி, எட்டுக் காவல் கோபுரங்கள். உச்சத்தில் 10,046 பேர். 1940 கணக்கெடுப்பில் இன்யோ கவுண்டி முழுவதுக்குமே மக்கள்தொகை 7,625தான். அதாவது, வேலிக்கு வெளியே இருந்தவர்களைவிட உள்ளே இருந்தவர்கள் அதிகம்.

அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கைவிடப்பட்ட பழமரங்களைக் கவாத்து செய்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி காய்க்க வைத்தார்கள். தாங்கள் அடைக்கப்பட்டிருந்த கொட்டகைகளுக்கு நடுவே குளங்களும் தோட்டங்களும் அமைத்தார்கள். மண்மூடிப் போன அந்தக் குளங்கள் சிலவற்றை அண்மைக் காலத்தில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1942 டிசம்பர் 6 அன்று முகாமில் நடந்த கலவரத்தில் காவல் படை சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். முகாம் 1945 நவம்பரில் மூடப்பட்டது. 1988-ல் அமெரிக்க அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கியது. 1992 முதல் மன்சனார் தேசிய வரலாற்றுத் தலம்.

இன்று மக்கள்தொகை எவ்வளவு? ஏன் வளரவில்லை?

2020 கணக்கெடுப்பின்படி 19,016. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆள்கூடக் கிடையாது. 1920-ல் 7,031 பேர் இருந்தார்கள், 1930-ல் 6,555 ஆகக் குறைந்தது. கலிபோர்னியா முழுவதும் மளமளவென்று பெருகிய பத்தாண்டு அது. 1980-ல் 17,895. அதன்பின் நாற்பது ஆண்டுகளில் கூடியது ஆயிரத்துச் சொச்சம் பேர்தான்.

காரணம் எளிது. வீடு கட்ட நிலம் இல்லை. கவுண்டியின் நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசுடையது. டெத் வேலி தேசியப் பூங்கா, தேசியக் காடு, இப்படி. சுமார் 2.5 லட்சம் ஏக்கர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துடையது. தனியார் கையில் இருப்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. இதனால்தான் பள்ளத்தாக்கு கட்டடக் காடாக மாறாமல் திறந்த வெளியாகத் தப்பித்தது என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொந்த ஊரில் ஒரு மனை வாங்க முடியவில்லை என்பதும் அதே உண்மையின் இன்னொரு பக்கம்.

பூர்வகுடிகள் இன்றும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், பத்தில் ஒருவருக்கு மேல். பிஷப், பிக் பைன், லோன் பைன், இண்டிபென்டன்ஸ் ஆகிய நான்கு ஊர்களிலும் பழங்குடி அரசுகள் உண்டு. 1939-ல் ஒரு நில மாற்றம் நடந்தது. முதல் மூன்று ஊர்களின் பையூட்களுக்காக மத்திய அரசு வைத்திருந்த சுமார் 2,900 ஏக்கரை நகரம் எடுத்துக்கொண்டு, 1,400 ஏக்கருக்கும் குறைவாகத் திருப்பிக் கொடுத்தது. நீருரிமையை அந்த ஒப்பந்தத்தில் தீர்க்கவில்லை. இன்றுவரை அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு டெத் வேலியிலும் அதைச் சுற்றியும் சட்டப்படியான தாயகம் கிடைத்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

பிழைப்பு எதில்?

சுற்றுலா, அரசு வேலை, மாட்டுப் பண்ணை. பிஷப்பில் மே மாதக் கடைசியில் கோவேறு கழுதைத் திருவிழா நடக்கும். சினிமாவும் உண்டு. லோன் பைனை ஒட்டிய அலபாமா குன்றுகளில் நூற்றுக்கணக்கான கௌபாய் படங்கள் எடுத்திருக்கிறார்கள். 1930-களின் கடைசியில் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடப்பதான ஒரு கதையையும் இங்கேதான் படமாக்கினார்கள்.

அந்தக் குன்றுகளுக்கு ஏன் தொலைதூர அலபாமாவின் பெயர்?

உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலங்களுக்கு ஆதரவான சுரங்கக்காரர்கள், 'அலபாமா' என்ற தங்கள் போர்க்கப்பலின் வெற்றிகளைக் கொண்டாடி வைத்த பெயர். 1864-ல் 'கியர்சார்ஜ்' என்ற வடமாநிலக் கப்பல் அதை மூழ்கடித்தது. உடனே இண்டிபென்டன்ஸ் பக்கத்து வடமாநில ஆதரவாளர்கள் ஒரு சுரங்கத்துக்குக் கியர்சார்ஜ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஒரு சிகரத்துக்கும் கணவாய்க்கும் பரவியது.

உலகின் பழமையான மரம் இங்கேயா?

வெள்ளை மலைத்தொடரில் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் பிரிசில்கோன் பைன் மரங்கள் நிற்கின்றன. மெத்தூசலா என்ற மரத்துக்கு 4,800 வயதுக்கு மேல். யாரும் சேதப்படுத்திவிடக் கூடாது என்று எந்த மரம் அது என்பதை வனத்துறை சொல்வதில்லை.

டெத் வேலிக்கு எப்போது போகலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றும் உலகச் சாதனை வெப்பம். சராசரியாக ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மழைதான். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் அந்த அளவைக் கொட்டித் தீர்த்தது. பேட்வாட்டரில் கிலோமீட்டர் கணக்கில் ஒரு ஏரி தோன்றி மாதக்கணக்கில் நின்றது.

தண்ணீர்த் தகராறு தீர்ந்துவிட்டதா?

இல்லை. 1970-ல் இரண்டாவது கால்வாய் வந்தது. 1972-ல் கவுண்டி வழக்குத் தொடுத்தது. 1991-ல் நிலத்தடி நீரை எவ்வளவு இறைக்கலாம் என்று நீண்டகால ஒப்பந்தம் ஆனது. ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு மறுபடி தண்ணீர் விடுவதாகவும் நகரம் ஒப்புக்கொண்டது. ஆனால் வேலை இழுத்தடித்தது. நீதிமன்றம் நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. கடைசியில் 2006 டிசம்பரில் சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓவன்ஸ் ஆற்றில் மீண்டும் நீர் ஓடியது. 93 ஆண்டுகளுக்குப் பிறகு. இன்று அங்கே நாணலும் மீனும் இருக்கின்றன. ஏரியை நெருங்கும் இடத்தில் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியை ஒரு பம்பு நிலையம் எடுத்து மறுபடி நகரத்தின் குழாய்க்கே அனுப்பிவிடுகிறது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

காலையில் லோன் பைனில் சூரியன் விட்னி மீது படுவதைப் பாருங்கள். பிறகு 395-ல் வடக்கே கிளம்புங்கள். சில நிமிடங்களில் சாலையோரம் அலபாமா மதகு வரும், வண்டியை நிறுத்திக் கால்வாயைப் பாருங்கள். அடுத்து மன்சனார். அங்கே கல்லறைப் பகுதியில் 1943-ல் எழுப்பிய வெள்ளைத் தூண் இருக்கிறது. மதியம் இண்டிபென்டன்ஸ் போய் அருங்காட்சியகத்தில் பையூட் கூடைகளைப் பாருங்கள். வசந்தத்தில் போனீர்கள் என்றால் மன்சனாரின் பழைய பேரி மரங்கள் பூத்திருக்கும். நூறு ஆண்டுக்கு முன் விவசாயிகள் நட்டவை, எண்பது ஆண்டுக்கு முன் சிறைப்பட்டவர்கள் தண்ணீர் ஊற்றியவை. இப்போது பூங்கா ஊழியர்கள் ஊற்றுகிறார்கள்.